“ஒன்பது நாளாக மகனை வெளியே விடவில்லை”

கொழும்பு, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவரையும் பிள்ளைகளையும் அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

கணவருக்குக் கட்டாரில் வேலை. மூத்த மகனுக்கு 16 வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். மகளுக்கு 12 வயது. சில மாதங்களாக மகன் மத்தியானம் வரை தூங்குகிறான், எது கேட்டாலும் எரிந்து விழுகிறான். ஓர் இரவு தள்ளாடியபடி வீட்டுக்கு வந்தான். வாயில் மணம் எதுவும் இல்லாததால் காய்ச்சல் என்று நினைத்துவிட்டார் தாய். பிறகு அலுமாரியில் வைத்த சீட்டுக்காசில் 4,000 ரூபாய் குறைந்தது. அதற்கடுத்த நாள் உடுப்புத் துவைக்கும்போது காற்சட்டைப் பையில் ஒரு குளிசை அட்டை. நாலு கெப்சியூல் மீதி இருந்தது. அட்டையில் பிரிகபலின் என்று எழுதியிருந்தது.

“கேட்டபோது, ‘அம்மா, நான் ஒண்டு சொல்லவேணும்’ என்று தொடங்கினான். அதற்குள் என் கை ஓங்கிவிட்டது. அதன்பிறகு அவன் வாயே திறக்கவில்லை” என்று எழுதுகிறார். போனைப் பறித்து வைத்திருக்கிறார். ஒன்பது நாளாக மகனை வெளியே விடவில்லை. பாமசியில் சிறுநீர்ப் பரிசோதனைக் கிட் ஒன்று வாங்கிப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்று வந்தது. “குளிசைதானே, தூள் இல்லையே. மட்டக்களப்புக்கு அக்கா வீட்டுக்கு அனுப்பு” என்கிறார் கணவர். பக்கத்து வீட்டு அக்கா, தேநீரில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து ஒன்று இருப்பதாகச் சொல்கிறார். மகனின் நண்பன் ஒருவனைப் போன மாதம் பொலிஸ் பிடித்ததால், வைத்தியசாலைக்குப் போனால் மகனின் பெயரும் பதிவாகிவிடுமோ என்ற பயம் தாய்க்கு. “அந்தப் பையன்தான் என் பிள்ளையைக் கெடுத்தான். இவன் அடிமையாகிவிட்டானா? சின்னவளை எப்படிக் காப்பாற்றுவது?” என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை வாசித்தபோது குளிசை அட்டையை விட, உங்கள் மகன் தொடங்கி முடிக்காமல் விட்ட அந்த வசனம்தான் என்னை நிறுத்தியது. பையில் அட்டையோடு பிடிபட்ட 16 வயதுப் பிள்ளை பொய் சொல்லியிருக்கலாம், கத்திவிட்டு வெளியே போயிருக்கலாம். அவன் சொல்ல வந்தான். நீங்கள் அடித்தது பயத்தில் என்று எனக்குத் தெரியும். கணவர் அருகில் இல்லாமல், அந்த இரவில் தனியாக நின்றுகொண்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நடந்தது அது. அதை நினைத்து இன்னும் உங்களை வதைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த வசனத்தை அவன் முடிக்க வேண்டும். நான் கீழே எழுதுவதெல்லாம் அதற்காகத்தான்.

அந்தக் குளிசை

பிரிகபலின் ஒரு நல்ல மருந்து. நரம்பு வலிக்கும் சில வகை வலிப்புக்கும் வைத்தியர்கள் எழுதிக் கொடுப்பது. வைத்தியரின் துண்டு இல்லாமல் பாமசியில் கொடுக்கக் கூடாது. அதையே தேவையில்லாமல், அளவுக்கு மீறிப் போட்டால் குடித்தது போன்ற மயக்கமும் தள்ளாட்டமும் தூக்கமும் வரும். வாயில் மணம் வராது. நீங்கள் அன்றிரவு காய்ச்சல் என்று நினைத்தது இதனால்தான், பிள்ளைகள் இதைத் தேடிப்போவதற்கும் அது ஒரு காரணம்.

உங்கள் கணவர் சொல்வது போல “குளிசைதானே” என்று விட்டுவிட முடியாது. சாராயத்தோடோ, ஹெரோயின் மாதிரியான தூளோடோ, வேறு தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் பிரிகபலின் மூச்சையே மந்தமாக்கும். உயிர் போகலாம். இன்னொன்று: நாள்தோறும் கூடுதலாகப் போட்டு வந்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை, படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பும் வரும். வீட்டுக்குள் வைத்து “இனித் தொடக்கூடாது” என்று நிறுத்துவது பாதுகாப்பான வழி இல்லை. இதை உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை, இதே நிலையில் இருக்கும் மற்றப் பெற்றோரும் கவனிக்க வேண்டும்.

இந்த ஒன்பது நாளில் மகன் ஒழுங்காகச் சாப்பிட்டான், தூங்கினான், நடுக்கம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆறுதலான அறிகுறி. அடிமையாதல் என்பது ஓர் அட்டையில் முடிவாகிற விஷயம் அல்ல. முன்பு கிடைத்த அதே மயக்கத்துக்கு இப்போது கூடுதலாக வேண்டியிருக்கிறதா, விட நினைத்தும் விட முடியவில்லையா, விளையாட்டு, நண்பர்கள், படிப்பு என்று மற்ற எல்லாவற்றையும் அது தின்றுவிட்டதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்கள் மகன் அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை என்றுதான் கடிதத்தை வைத்துத் தோன்றுகிறது. அதை நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டியவர் வைத்தியர்.

கிட்டில் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து நிம்மதியடையவும் வேண்டாம், அவன் பொய் சொல்கிறான் என்று கோபப்படவும் வேண்டாம். சாதாரணமாகக் கிடைக்கும் கிட்டுகள் கஞ்சா, ஹெரோயின், ஐஸ் (மெத்தம்பெட்டமின்) போன்றவற்றுக்காகச் செய்யப்பட்டவை. பிரிகபலின் அவற்றில் தெரியாது. அந்தச் சோதனையால் நடந்த ஒரே விஷயம், பாத்திரத்தைக் கையில் கொடுத்து வாசலில் காவல் நின்ற அம்மாவை அவன் பார்த்தது. இரண்டாவது தடவை செய்ய வேண்டாம்.

தெரியாமல் கொடுக்கும் மருந்து

இதை மிகத் திட்டமாகச் சொல்கிறேன்: கொடுக்காதீர்கள். பொடியாக, சொட்டாக விற்கப்படும் இவற்றில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. சிலவற்றில் டைசல்பிராம் என்ற மருந்து கலந்திருக்கலாம். குடியை நிறுத்த விரும்புபவருக்கு, அவருடைய சம்மதத்தோடு, வைத்தியரின் கண்காணிப்பில் மட்டும் கொடுக்கும் மருந்து அது. அதை உட்கொண்டிருப்பது தெரியாமல் ஒருவர் சாராயம் குடித்தால் இரத்த அழுத்தம் இறங்கி, இதயம் பாதிக்கப்பட்டு ஆபத்தான நிலைக்குப் போகலாம். பிரிகபலினுக்கோ கஞ்சாவுக்கோ அது மருந்தும் அல்ல. இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, வீட்டுத் தேநீரில் என்ன கலந்திருக்கிறதோ என்று பிள்ளை ஒரு தடவை சந்தேகப்பட்டுவிட்டால், பிறகு அந்த வீட்டில் அவனோடு எதைப் பேசுவது?

மட்டக்களப்புக்கு அனுப்புவது

பாட்டி வீடு, அத்தை வீடு என்று பிள்ளைகளை இடம் மாற்றுவது நம்மிடையே பழைய வழக்கம். சில வேளை அது உதவியும் இருக்கிறது. கடன் கேட்டு மிரட்டும் ஆட்கள் தெருவில் நிற்கிறார்கள் என்றால் நானே இரண்டு வாரத்துக்கு வெளியூர் அனுப்பச் சொல்வேன். ஆனால் உங்கள் மகன் இப்போது போனால் அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வான். அப்பா ஏற்கனவே தூரத்தில். இப்போது அம்மாவும் தங்கச்சியும் இல்லாத ஓர் ஊரில், குற்றவாளி என்ற பெயரோடு போய் இறங்குவான். குளிசையும் கஞ்சாவும் கொழும்பில் மட்டும் கிடைக்கிற சாமான்கள் அல்ல. அவன் அங்கே போய் நாலு மாதம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, திரும்பிவந்து அதே ஒழுங்கையில் இறங்கினால் எதுவும் மாறியிருக்காது.

யாரோ “மூன்று மாதம் உள்ளே வைத்துத் திருத்துகிற இடம்” பற்றியும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி, போதைப்பொருளுக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை கொடுக்கும் நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். பெற்றோர் பார்க்க வரக்கூடாது, போன் பேசக்கூடாது, அடித்தால்தான் திருந்துவான் என்று சொல்கிற இடமாக இருந்தால் அனுமதி இருந்தாலும் திரும்பிவிடுங்கள். பொலனறுவைப் பக்கம் இருக்கும் கந்தகாடு பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். அது பெரும்பாலும் நீதிமன்றம் அனுப்புகிறவர்களுக்கானது. குளிசை போட்டுப் பார்த்த பாடசாலைப் பிள்ளைக்கு அதோடு ஒரு தொடர்பும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி அவனை வெருட்டவும் வேண்டாம்.

பொலிஸ், பதிவு, சட்டம்

நீங்கள் மிகவும் பயந்திருப்பது இதற்குத்தான். உதவி கேட்டு ஆலோசகரிடமோ வைத்தியரிடமோ போவது பொலிஸ் பதிவு ஆகாது. சிகிச்சைக் குறிப்பு வைத்தியசாலையோடு இருக்கும். பின்னாளில் வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கும்போது அதில் “இவர் 16 வயதில் கவுன்சலிங் போனார்” என்று வராது.

சட்டம் உண்மையில் கடுமையாகும் இடம் வேறு. ஐந்தாறு தடவை கடனுக்குக் குளிசை கொடுத்தவன், ஒரு நாள் “காசு இல்லாட்டிப் பரவாயில்லை, இந்தப் பார்சலை அங்கே குடுத்திட்டு வா” என்பான். பிள்ளை அதை ஓர் உதவி என்று நினைத்துக் கொண்டு போவான். நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி 2 கிராம் ஹெரோயின் வைத்திருந்தால் அல்லது கடத்தினால் உச்சத் தண்டனை மரண தண்டனை. 1984இல் வந்த திருத்தம் அது. 2022இல் செய்த திருத்தம் ஐஸையும் சேர்த்தது, அதற்கு அளவு 5 கிராம். 18 வயதுக்குட்பட்டவருக்கு மரண தண்டனை விதிக்க முடியாது. என்றாலும் இப்படியான வழக்கில் பிணை இலேசில் கிடைக்காது, படிப்பும் இளமையும் அதில் கரைந்துபோகும். 2 கிராம் என்பது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. இதை மகனிடம் மிரட்டலாக அல்ல, தகவலாகச் சொல்லுங்கள். அப்பாவும் அம்மாவும் தனக்காகக் கணக்குப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று அவனுக்கு விளங்க வேண்டும்.

அந்த 4,000 ரூபாய் எங்கே போனது என்பதை ஆறுதலாகக் கேட்க வேண்டிய காரணமும் இதுதான். களவு என்று மட்டும் பார்க்காதீர்கள். யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்ததா, யாராவது மிரட்டுகிறார்களா, எதையாவது கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்களா? அவன் முடிக்காத அந்த வசனத்துக்குள் இதுதான் இருந்திருக்கலாம்.

ஒருவேளை பொலிஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போனால், என்ன காரணத்துக்காகக் கைது என்று சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரையே அதைச் சொல்கிறது. உடனே நிலையத்துக்குப் போங்கள், பிறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள். அவன் சிறுவன் என்பதற்கு அதுதான் சாட்சி. வாக்குமூலம் தமிழில் கொடுக்க உரிமை இருக்கிறது. 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. விளங்காத மொழியில் எழுதிய எதிலும் நீங்களோ மகனோ கையெழுத்து வைக்க வேண்டாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுவார்கள்.

அந்த மற்றப் பையன்

“அவன்தான் கெடுத்தான்” என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பையனின் தாயும் இதே நேரத்தில் யாரிடமோ உங்கள் மகனைக் காட்டி அதையே சொல்லிக்கொண்டிருப்பார். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு முதல் குளிசையோ முதல் சிகரெட்டோ அறிமுகமில்லாத ஆள் கொடுத்ததல்ல. கூடப் படிக்கிறவன், ஒன்றுவிட்ட அண்ணன், கிரிக்கெட் விளையாடுகிற கூட்டாளி, இப்படித் தெரிந்த ஒருவர்தான். அவர்களும் ஏமாற்றிக் கொடுப்பதில்லை, பகிர்ந்துகொள்கிறார்கள். நண்பனைத் திட்டித் தீர்த்தால் உங்கள் மகன் நண்பனுக்காக வாதாடத் தொடங்குவான், பேச்சு அங்கேயே நின்றுவிடும். “அவனுக்கு இப்ப எப்படி? வீட்டில ஆர் பார்க்கினம்?” என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கதையிலிருந்து தன் கதைக்கு அவனே வருவான்.

சாதாரண தரம் முடிந்து உயர்தரம் தொடங்கும் வரைக்குமான இந்த மாதங்களையும் பாருங்கள். பதினொரு வருடம் மணியடித்து ஓடிய வாழ்க்கை ஒரு நாளில் நின்றுவிடுகிறது. காலையில் எழும்ப ஒரு காரணம் இல்லை. பெறுபேறு என்ன ஆகுமோ என்ற பயம் உள்ளே இருக்கிறது, அதைச் சொல்ல ஆள் இல்லை. குளிசையைத் தேடிப்போனதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வெறுமையை அப்படியே விட்டுவிட்டு நண்பர்களை மட்டும் வெட்டினால், வேறு நண்பர்கள் வருவார்கள்.

ஐஸ்லாந்தில் 1990களின் கடைசியில் பதின்ம வயதினரிடம் குடியும் புகையும் மிக அதிகம். 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 வீதமானோர் முந்தைய மாதத்தில் குடித்து வெறித்திருந்தார்கள். 2016இல் அது 5 வீதம். அவர்கள் பயமுறுத்தும் விரிவுரைகளை நம்பவில்லை. பெற்றோரோடு கழிக்கும் நேரத்தைக் கூட்டினார்கள், இரவில் பிள்ளைகள் வெளியே நிற்கும் நேரத்தைக் குறைத்தார்கள், விளையாட்டுக்கும் இசைக்கும் பிள்ளைகள் போய்வர உள்ளூர்ச் சபைகள் செலவு செய்தன. நம்மிடம் அந்தக் காசு இல்லைதான். ஆனால் அவர்கள் செய்ததில் பாதி, பிள்ளையின் நாளை நிரப்பியது. கொட்டாஞ்சேனையிலிருந்து சுகததாச விளையாட்டரங்கு எவ்வளவு தூரம்? ஒரு விளையாட்டோ, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் குறுகிய வகுப்பு ஒன்றோ, ஒரு மாமாவின் கடையில் காலை நேர வேலையோ, அவனே தெரிவு செய்யட்டும். இன்னொரு டியூஷன் வகுப்பைத் திணித்துவிட்டு நாள் நிரம்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இந்த வாரம்

முதலில் கதவைத் திறங்கள். பிள்ளையைப் பூட்டி வைப்பது பாதுகாப்பு மாதிரித் தெரியும், ஆனால் அது உங்களைத்தான் களைக்கச் செய்யும். போனைத் திருப்பிக் கொடுங்கள், இரவு பத்து மணிக்கு ஹோலில் சார்ஜில் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை உங்கள் போனுக்கும் உண்டு. அலுமாரிச் சாவியை நீங்களே வைத்திருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் வேறு யாருடைய மருந்தாவது மேசையில் கிடந்தால் அதையும் உள்ளே வையுங்கள்.

பிறகு, சின்னவள் தூங்கிய பின் ஒரு நேரம் பார்த்து, நேருக்கு நேர் அல்லாமல் பக்கத்தில் இருந்து பேசுங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டு பேசினாலும் சரி. “அண்டைக்கு உனக்கு அடிச்சது பிழை. நீ ஏதோ சொல்ல வந்தாய். இப்ப சொல்லு, நான் இடையில பேசமாட்டன்.” இவ்வளவும் போதும். சொன்ன பிறகு உண்மையாகவே இடையில் பேசாதீர்கள். அவன் சொல்வது நீங்கள் நினைத்ததை விட மோசமாக இருக்கலாம். அழுகை வந்தால் அழுங்கள், கை மட்டும் ஓங்க வேண்டாம். அன்றைக்கு ஒன்றும் சொல்லாவிட்டால் மூன்று நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

கணவரோடு தனியாகப் பேசி, மருந்தைப் பற்றி மேலே நான் எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். அவர் போனில் மகனோடு இதைப் பற்றி மட்டும் பேசாமல், தினமும் பத்து நிமிடம் வேறு எதையாவது பேச வேண்டும். கட்டாரில் என்ன சமைத்தார் என்பதாகவும் இருக்கலாம்.

உதவிக்கான தொலைபேசி இலக்கங்கள்: தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, தேசிய மனநல நிறுவனத்தின் 1926. எடுத்தவுடனேயே “தமிழில் பேச வேண்டும்” என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். கொழும்பு 7, ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர இருக்கிறது. போதைப் பழக்கத்துக்கான ஆலோசனை இலவசம், இரகசியம் காக்கப்படும், குடும்பத்தினரோடும் பேசுவார்கள். ஒரு நாள் அவனை எழுப்பியும் எழும்பவில்லை, மூச்சு மெதுவாக வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், என்ன குளிசை என்று அட்டையைக் காட்டி உண்மையைச் சொல்லுங்கள்.

சின்னவள்

பாடசாலை வாசலில் யாரோ டொஃபியில் போதை கலந்து கொடுப்பார்களோ என்று பயப்படுகிறீர்கள். “தெரியாதவர் கொடுத்தால் வாங்காதே” என்பது நல்ல பழக்கம்தான், அதைச் சொல்லுங்கள். ஆனால் அவளுக்கு இன்னும் தேவையானது, தெரிந்தவர் கொடுக்கும்போது எப்படி மறுப்பது என்பது. 12 வயதுப் பிள்ளைக்கு “வேண்டாம், எனக்கு மணமே பிடிக்காது”, “அம்மா மணந்து பார்ப்பா” என்று ஒரு சாட்டுச் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. வீட்டில் விளையாட்டாக நடித்துப் பழக்குங்கள், நீங்கள் கூட்டாளியாக நடியுங்கள். எந்த நேரத்திலும், எங்கிருந்தாலும், “அம்மா, வயித்துவலி” என்று போன் எடுத்தால் கேள்வி கேட்காமல் ஓட்டோவில் வந்து கூட்டிப்போவேன் என்று ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். மாவா (பாக்கும் புகையிலையும் சேர்த்த கலவை), பாக்கு, வேப் என்று எதைக் கண்டாலும் வந்து சொல்லட்டும். சொன்னதற்காக அவளுடைய போனும் சுதந்திரமும் பறிபோகாது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அவள் இந்த ஒன்பது நாளும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அண்ணாவுக்கு என்ன என்று கேட்டால் காய்ச்சல் என்று சொல்ல வேண்டாம். “அண்ணா ஒரு பிழையான மருந்து போட்டுட்டான், அதைச் சரிசெய்ய அம்மாவும் அண்ணாவும் டொக்டரிட்டப் போறம்” என்றால் போதும்.

போகிற அன்று அந்த அட்டையையும் கொண்டுபோங்கள். உள்ளே மகன் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே வாங்கில் இருங்கள். திரும்பி வரும் வழியில் உள்ளே என்ன கேட்டார்கள் என்று விசாரிக்காதீர்கள். அடுத்த திகதியை மட்டும் உங்கள் கலண்டரில் குறித்துக்கொண்டு, அவனுக்குப் பசிக்கிறதா என்று கேளுங்கள்.